ஒலிபெருக்கிக்குத் தண்டனை, துப்பாக்கிக்குப் பாதுகாப்பு

72-க்கு 25. 65-க்கு 30. 69-க்கு 26.

2023 ஏப்ரல் 6 அன்று அமெரிக்காவின் டென்னசி மாநிலச் சட்டமன்றக் கீழவையில் அடுத்தடுத்து நடந்த மூன்று வாக்கெடுப்புகளின் கணக்கு இது. மூன்று உறுப்பினர்கள். ஒரே சம்பவம், ஒரே குற்றச்சாட்டு. 99 பேர் கொண்ட அவையில் ஒருவரைப் பதவிநீக்கம் செய்ய மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 66 வாக்குகள் வேண்டும். முதலில் நிறுத்தப்பட்ட ஜஸ்டின் ஜோன்ஸ் நீக்கப்பட்டார். கடைசியாக நிறுத்தப்பட்ட ஜஸ்டின் பியர்சன் நீக்கப்பட்டார். இருவரும் இருபதுகளில் இருந்த கறுப்பின இளைஞர்கள். நடுவில் நின்ற குளோரியா ஜான்சன் அறுபது வயது வெள்ளையினப் பெண். ஒரே ஒரு வாக்கில் தப்பித்தார். ஏன் இந்த வேறுபாடு என்று செய்தியாளர்கள் கேட்டபோது, எங்கள் தோலின் நிறம் காரணமாக இருக்கலாம் என்று அவரே சொன்னார்.

இந்தக் கணக்கை அமெரிக்காவின் உள்கட்சிச் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது என்று நினைக்கிறேன். ஒரு சட்டமன்றத்தில் துப்பாக்கி பற்றிய விவாதம் எப்படி ஒழுக்கம் பற்றிய விவாதமாக மாற்றப்பட்டது, அந்த ஒழுக்கத்தின் அளவுகோலை யார் கையில் வைத்திருந்தார்கள் என்பதைச் சாதியச் சமூகத்தில் வாழும் நாம் மற்றவர்களைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்வோம்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்ச் 27 அன்று மாநிலத் தலைநகரான நாஷ்வில்லில், கவனன்ட் என்ற கிறித்தவத் தனியார் பள்ளிக்குள் ஒருவர் துப்பாக்கிகளோடு நுழைந்தார். ஒன்பது வயதுக் குழந்தைகள் மூவரும் பெரியவர்கள் மூவரும் கொல்லப்பட்டார்கள். கொன்றவர் உளநலச் சிகிச்சையில் இருந்தவர் என்றும், 7 துப்பாக்கிகளைச் சட்டப்படியே கடைகளில் வாங்கியிருந்தார் என்றும் காவல்துறை அறிவித்தது. ஆபத்தானவர் என்று தெரிந்தால் நீதிமன்ற ஆணை பெற்றுத் துப்பாக்கியைத் தற்காலிகமாக வாங்கி வைக்கும் சட்டம் பல மாநிலங்களில் உண்டு. டென்னசியில் இல்லை. மாறாக, கைத்துப்பாக்கியை உரிமமே இல்லாமல் வெளியில் எடுத்துச் செல்லலாம் என்ற சட்டம் 2021 ஜூலையில் அங்கே நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்துக்கான கையெழுத்து விழாவை ஆளுநர் பில் லீ எங்கே நடத்தினார் தெரியுமா? காலட்டின் நகரில் உள்ள பெரெட்டா துப்பாக்கித் தொழிற்சாலையில்.

மார்ச் 30 அன்று ஆயிரக்கணக்கான மாணவர்களும் பெற்றோரும் சட்டமன்றக் கட்டடத்தில் திரண்டார்கள். உள்ளே அவை தன் அன்றாட அலுவல்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போது ஜோன்ஸும் பியர்சனும் ஜான்சனும் அவைத் தலைவரின் அனுமதியில்லாமல் முன்பகுதிக்கு வந்து நின்றார்கள். இளைஞர்கள் இருவரும் கையடக்க ஒலிபெருக்கியில் முழக்கமிட்டார்கள். பார்வையாளர் மாடத்தில் இருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அவை சிறிது நேரம் நின்றுபோனது. யாருக்கும் காயமில்லை, ஒரு நாற்காலிகூட உடையவில்லை. ஆனால் அவைத் தலைவர் கேமரன் செக்ஸ்டன் இதை 2021 ஜனவரி 6 வாஷிங்டன் கலவரத்தோடு ஒப்பிட்டார். உறுப்பினர்களின் குழுப் பொறுப்புகள் பறிக்கப்பட்டன. ஒரு வாரத்துக்குள் பதவிநீக்கத் தீர்மானம்.

விதியை மீறினார்கள் என்பதில் சந்தேகமில்லை. அவர்களே அதை மறுக்கவில்லை. ஜான்சன் ஒலிபெருக்கியைத் தொடவில்லை, அதனால்தான் அவருக்கு வாக்கு குறைந்தது என்று குடியரசுக் கட்சியினர் சொன்ன விளக்கத்தையும் பதிவு செய்துவிடலாம். ஆனால் விதி மீறியவரைக் கண்டிக்கலாம், பேச்சுரிமையைச் சில நாள் நிறுத்தி வைக்கலாம். நம் ஊர்ச் சட்டமன்றங்களில் என்றால் அவைக் காவலர்கள் குண்டுக்கட்டாகத் தூக்கி வெளியே விட்டிருப்பார்கள். மறுநாளோ மறுவாரமோ உறுப்பினர் திரும்பி வந்திருப்பார். இங்கே பறிக்கப்பட்டது தொகுதியே. நாஷ்வில்லிலும் மெம்பிஸிலும் தலா சுமார் 70,000 மக்களுக்கு அன்று மாலை சட்டமன்றத்தில் ஆளில்லை.

இதற்கு முன் அந்த அவை யாரையெல்லாம் நீக்கியிருக்கிறது என்று பார்த்தால் விஷயம் இன்னும் துலங்கும். 1980-இல் லஞ்ச வழக்கில் தண்டனை பெற்ற ஒருவர். 2016-இல் ஜெரமி டர்ஹாம். இருபதுக்கும் மேற்பட்ட பெண்களிடம் அவர் நடந்துகொண்ட விதத்தை மாநிலத் தலைமை வழக்கறிஞரின் அலுவலகம் மாதக்கணக்கில் விசாரித்து அறிக்கை கொடுத்த பிறகுதான் வாக்கெடுப்புக்கே வந்தார்கள். அதற்கும் முன்பு, 1866-இல் ஆறு பேர். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களுக்குக் குடியுரிமை வழங்கும் அரசியல் சட்டத்தின் 14-ஆவது திருத்தத்தை டென்னசி ஏற்றுக்கொள்ளவிடாமல் தடுக்க முயன்றவர்கள் அவர்கள். கறுப்பினக் குடியுரிமையைத் தடுத்தவர்களை வெளியேற்றப் பயன்பட்ட அதிகாரம், 157 ஆண்டுகள் கழித்துக் கறுப்பின மக்களின் பிரதிநிதிகள் இருவரை வெளியேற்றப் பயன்பட்டது.

நீக்கப்படாதவர்களின் பட்டியல் இதைவிட முக்கியம்.

டேவிட் பயர்ட் என்ற உறுப்பினர் 1980-களில் பள்ளிக் கூடைப்பந்துப் பயிற்சியாளராக இருந்தபோது தங்களிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டார் என்று மூன்று பெண்கள் 2018-இல் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார்கள். அவர்களில் ஒருவரிடம் தொலைபேசியில் அவர் மன்னிப்புக் கேட்ட ஒலிப்பதிவும் வெளியானது. எந்தச் செயலுக்காக என்று அவர் அதில் சொல்லவில்லை. 2019-இல் அவரைக் கல்வித் துணைக்குழு ஒன்றின் தலைவராகவே நியமித்தார்கள். எதிர்ப்புக்குப் பிறகு அந்தப் பொறுப்பு போனது. சட்டமன்றப் பதவி போகவில்லை; அவர் தன் காலத்தை முழுதாக முடித்துக்கொண்டு போனார்.

பால் ஷெரல் என்ற உறுப்பினர், கவனன்ட் படுகொலைக்கு ஒரு மாதம் முன்பு, மரண தண்டனை முறைகள் பற்றிய குழு விவாதத்தில் மரத்தில் தூக்கிலிடுவதையும் சேர்க்கலாமா என்று கேட்டார். அமெரிக்கத் தென்மாநிலங்களில் மரமும் கயிறும் எதைக் குறிக்கும் என்பதை அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஐடா பி. வெல்ஸ் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர் 1892-இல் தன் நண்பர்கள் மூவர் வெள்ளையர் கும்பலால் கொல்லப்பட்டதை எழுதத் தொடங்கியது இதே மாநிலத்தின் மெம்பிஸ் நகரில்தான். ஷெரல் மன்னிப்புக் கேட்டார். அந்தக் குழுவிலிருந்து விலக்கப்பட்டார். அவ்வளவே.

ஸ்காட்டி கேம்பல் என்பவரின் கதை இன்னும் மோசம். பயிற்சிக்கு வந்த இளம் பெண்களிடம் தவறாக நடந்துகொண்டதாக வந்த புகாரில், பணியிடத் துன்புறுத்தல் விதியை அவர் மீறியிருக்கிறார் என்று சட்டமன்ற நெறிமுறைத் துணைக்குழு 2023 மார்ச் இறுதியிலேயே முடிவு செய்துவிட்டது. அந்த முடிவு கோப்புக்குள் கிடந்தது. அதைச் சுமந்துகொண்டே அவர் ஏப்ரல் 6 அன்று அவைக்கு வந்து, ஒழுங்கைக் குலைத்தவர்களை நீக்க வேண்டும் என்று வாக்களித்தார். உள்ளூர்த் தொலைக்காட்சி ஒன்று அந்தக் கோப்பை வெளியே கொண்டுவந்த பிறகு, ஏப்ரல் 20 அன்று பதவி விலகினார். அவை அவரை நீக்கவில்லை. நெறிமுறை என்ற சொல்லுக்கு அந்த மாநிலத்தில் என்ன பொருள் என்பதை இந்த மூன்று வாரங்கள் சொல்லிவிடுகின்றன.

அன்றைய விவாதத்தின் காணொளியைப் பார்த்தபோது என்னை உறுத்தியது வாக்கு எண்ணிக்கையைவிட அந்தத் தொனி. பியர்சனை நீக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்த ஆண்ட்ரூ ஃபார்மர், அவர் செய்ததைச் சின்னப்பிள்ளையின் அடம் என்கிற பொருளில் பேசினார். பல்லாயிரம் பேர் தேர்ந்தெடுத்து அனுப்பிய ஒருவரிடம், கைகட்டி நிற்க வைத்த பண்ணையாளிடம் பேசுவதுபோல. இப்படி ஒருவரிடம் பேசும் இந்தச் சூழலில் தான் எப்படி உங்களுக்குச் சமமாக இருக்க முடியும் என்பதுதான் பியர்சனின் பதிலின் சாரம். ‘மரியாதை தெரியாத பயல்’ என்ற வசவைக் கேட்டு வளர்ந்த எவருக்கும் இந்தத் தொனி புதிதாக இருக்காது. அந்த வசவில் மரியாதை என்பது இரு தரப்புக்கும் பொதுவான பண்பு கிடையாது. ஒரு தரப்பு கொடுக்க வேண்டியது, மறு தரப்பு பெற வேண்டியது.

பியர்சன் அந்த அவைக்கு வந்ததே 2023 தொடக்கத்தில்தான். பதவியேற்பின்போது கறுப்புக் கோட்டுக்குள் டஷிக்கி என்ற ஆப்பிரிக்க மேற்சட்டையை அணிந்து வந்தார். உடனே அவை ஒழுங்கு பற்றிய பேச்சு எழுந்தது. விதிகள் பிடிக்கவில்லை என்றால் வேறு வேலை பார்க்கலாம் என்கிற பொருளில் குடியரசுக் கட்சி உறுப்பினர்களின் அதிகாரபூர்வ சமூக ஊடகக் கணக்கே பதிவிட்டது. தோள்சீலைப் போராட்டத்தின் வரலாறு தெரிந்தவர்களுக்கு உடையில் தொடங்கும் சண்டை உடையோடு முடிவதில்லை என்பது தெரியும். மேல்துண்டு, செருப்பு, மீசை, இருசக்கர வாகனம் என்று நம் ஊர்களில் பட்டியல் நீள்கிறது. டென்னசியில் சட்டை, இரண்டு மாதத்தில் ஒலிபெருக்கி.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். இங்கே இயக்கத் தோழர்கள் சிலருக்கே ஒரு தயக்கம் இருப்பதை நான் அறிவேன். ஒடுக்கப்பட்டவர்களிடம் ஆயுதம் இருக்கக் கூடாது என்பதுதானே வருண முறையின் அடிப்படை விதி? உழைக்கும் மக்களுக்குக் கல்வியும் ஆயுதமும் மறுக்கப்பட்டதால்தான் இவ்வளவு கொடுமைக்கு எதிராகவும் இந்தியாவில் புரட்சி நடக்கவில்லை என்று அம்பேத்கர் 1936-இல் ‘சாதி ஒழிப்பு’ உரையில் வாதிட்டார். அப்படியிருக்க, அரசு துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று கேட்பது ஒடுக்கப்பட்டவர்கள் தங்களுக்கே குழி வெட்டிக்கொள்வது ஆகாதா?

கேள்வி நியாயமானது. அமெரிக்க வரலாறும் அதற்கு வலுச் சேர்க்கிறது. டென்னசியின் 1796 அரசியல் சட்டம் ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையைச் சுதந்திர மனிதர்களுக்கு என்று எழுதியிருந்தது. 1834-இல் அதைத் திருத்தி, சுதந்திரமான வெள்ளை ஆண்களுக்கு என்று மாற்றினார்கள். ஒரு சொல்தான் கூடியது. 1868-இல் பக்கத்து மாநிலமான ஜார்ஜியாவின் சட்டமன்றம் 33 கறுப்பின உறுப்பினர்களை நிறத்தைக் காட்டியே வெளியேற்றியது. வாக்களிக்கும் உரிமை உண்டு, பதவி வகிக்கும் உரிமை இல்லை என்றது. அவர்களில் ஒருவரான பிலிப் ஜாய்னர் அதே மாதம் கமிலா என்ற ஊருக்கு ஊர்வலம் அழைத்துச் சென்றார். ஊர்வலத்தினர் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று அங்கிருந்த ஷெரீஃப் கேட்டார். அவர்கள் மறுத்துவிட்டு உள்ளே நுழைந்ததும் ஊர் வெள்ளையர்கள் சுட்டுத்தள்ளினார்கள். பதவிநீக்கமும் ஆயுதப் பறிப்பும் படுகொலையும் ஒரே மாதத்தில்.

நூறாண்டு கழித்து 1967 மே மாதம், கருஞ்சிறுத்தைகள் கட்சியினர் சட்டம் அனுமதித்த துப்பாக்கிகளை ஏந்தி கலிஃபோர்னியாவின் சட்டமன்றக் கட்டடத்துக்குள் நடந்து சென்றார்கள். அவர்களை மனதில் வைத்தே முன்மொழியப்பட்டிருந்த, குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொதுவெளியில் ஏந்தத் தடை விதிக்கும் சட்டம், சில மாதங்களில் நிறைவேறியது. கையெழுத்திட்டவர் ரொனால்ட் ரீகன். தேசியத் துப்பாக்கிச் சங்கம் அன்று அதை ஆதரித்தது. இந்தக் கருஞ்சிறுத்தைகளின் பெயரைத்தான் 1972-இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எடுத்துக்கொண்டார்கள். ஆகவே, துப்பாக்கி உரிமை என்பது அங்கே எப்போதும் யார் கையில் துப்பாக்கி என்பதைப் பார்த்தே முடிவாகியிருக்கிறது.

இந்த வரலாறு தெரியாதவர்களா ஜோன்ஸும் பியர்சனும்? கு க்ளக்ஸ் கிளானின் முதல் தலைவனும் அடிமை வணிகனுமான நேதன் பெட்ஃபோர்ட் ஃபாரஸ்ட்டின் மார்பளவுச் சிலை 1978 முதல் டென்னசி சட்டமன்றக் கட்டடத்துக்குள் இருந்தது. அதை அகற்றக் கோரிப் போராடிய இளைஞர்களில் ஒருவர் ஜோன்ஸ். 2021-இல்தான் அது அகற்றப்பட்டது. கறுப்பினத்தவருக்கு எதிராகத் துப்பாக்கிச் சட்டங்கள் வளைக்கப்பட்ட கதை அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவர்கள் கட்டுப்பாடு கேட்கிறார்கள் என்றால், பிணங்களை எண்ணுபவர்கள் அவர்கள் என்பதால். 2020 முதல் அமெரிக்கச் சிறுவர்கள், பதின்வயதினரின் மரணத்துக்கு முதல் காரணம் துப்பாக்கி. சாலை விபத்தையும் அது முந்திவிட்டது. அந்தச் சாவில் கறுப்பினக் குழந்தைகளின் பங்கு அவர்களின் மக்கள்தொகைப் பங்கைவிட மிக அதிகம். வசதியான பகுதியின் தனியார் பள்ளியில் துப்பாக்கி வெடித்தால் உலகச் செய்தி. மெம்பிஸில் தெருமுனையில் வெடித்தால் காவல் நிலையக் குறிப்பு. இரண்டையும் சேர்த்துப் பேசியதுதான் பியர்சனின் அரசியல். இரண்டு வகைப் பெற்றோரையும் ஒரே வரிசையில் நிற்க வைத்ததுதான் அவைக்குப் பொறுக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

தோழர்களின் தயக்கத்துக்கு நம் சட்டத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. அதிகம் பேர் கவனிக்காத பதில். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்காக 1995-இல் இயற்றப்பட்ட விதிகளில் 3-ஆம் விதியை எடுத்துப் படியுங்கள். வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளில் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களைத் தேவைப்பட்டால் ரத்து செய்யலாம், சட்டவிரோத ஆயுதங்களைப் பறிமுதல் செய்ய வேண்டும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களின் பாதுகாப்புக்குத் தேவைப்பட்டால் அவர்களுக்கு உரிமம் வழங்கலாம் என்கிறது அது. சமமற்ற ஊரில் துப்பாக்கி எல்லோருக்கும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொண்ட விதி. அது எவ்வளவு நடைமுறைக்கு வந்தது என்பது வேறு கதை. விதிகள் வந்து இரண்டே ஆண்டில், 1997 டிசம்பர் 1 இரவு, பீகாரின் லட்சுமண்பூர் பாத்தேயில் ரண்வீர் சேனையின் துப்பாக்கிகள் 58 பேரைக் கொன்றன. 2013-இல் பாட்னா உயர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. எனினும் அந்த விதி எழுப்பும் கேள்வி சரியானது: யாருடைய துப்பாக்கியால் யார் சாகிறார்கள்? அந்தக் கேள்வியோடு வரும் கட்டுப்பாட்டை நான் ஆதரிக்கிறேன். அந்தக் கேள்வியைக் கேட்கத் தகுதியுள்ளவர்களை வெளியே தள்ளிவிட்டு எழுதப்படும் எந்தத் துப்பாக்கிச் சட்டத்தையும், அது கட்டுப்பாடாக இருந்தாலும் உரிமையாக இருந்தாலும், சந்தேகப்படுகிறேன்.

வெளியே தள்ளப்பட்டவர்கள் வெளியே நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏப்ரல் 10 அன்று நாஷ்வில் மாநகர மன்றம் ஒருமனதாக ஜோன்ஸைத் திருப்பி அனுப்பியது. இரண்டு நாள் கழித்து மெம்பிஸ் உள்ள ஷெல்பி மாவட்ட ஆணையம் பியர்சனை அனுப்பியது. ஆகஸ்ட் 3 அன்று நடந்த இடைத்தேர்தலில் இருவரும் வென்றார்கள்.

அவை என்ன செய்தது? குடியரசுக் கட்சி ஆளுநரே, ஆபத்தானவர்களிடமிருந்து துப்பாக்கியை விலக்கி வைக்கும் சட்டம் வேண்டும் என்று அந்த ஏப்ரலில் கேட்டார். அதை எடுத்துக்கொள்ளாமலேயே கூட்டத்தொடரை முடித்தார்கள். ஆனால் துப்பாக்கித் தயாரிப்பாளர்கள், விற்பனையாளர்கள் மீது வழக்குத் தொடர்வதைக் கடினமாக்கும் சட்டத்தை அதே பருவத்தில் நிறைவேற்ற நேரம் கிடைத்தது. ஆகஸ்டில் ஆளுநர் சிறப்புக் கூட்டம் கூட்டினார். துப்பாக்கிப் பூட்டு இலவசம், துப்பாக்கிப் பெட்டகத்துக்கு விற்பனை வரி கிடையாது என்பன போன்றவைதான் மிஞ்சின. அந்தக் கூட்டத்தில் பார்வையாளர்கள் காகிதப் பதாகை பிடிக்கக் கூடாது என்று ஒரு புதுவிதி கொண்டுவந்தார்கள். பதாகை பிடித்த பெண்களை அறையைவிட்டு வெளியேற்றினார்கள். நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. இதே சட்டமன்றம் புதிய அலுவலகக் கட்டடத்துக்கு மாறியபோது, 2017 டிசம்பரில் வெளியான விதி உரிமம் உள்ளவர்கள் துப்பாக்கியோடு வரலாம், கையில் பிடிக்கும் பதாகையோடு வரக் கூடாது என்றிருந்தது. நகைச்சுவைக்காக நான் சேர்த்ததாக நினைக்க வேண்டாம். ஆகஸ்ட் 28 அன்று, புதிதாக எழுதிய அவை ஒழுங்கு விதியைக் காட்டி ஜோன்ஸை அன்றைய கூட்டம் முடியும்வரை பேசக் கூடாது என்று வாக்களித்தார்கள்.

2024 ஏப்ரல் 23 அன்று, கவனன்ட் பெற்றோர் பலரின் எதிர்ப்பையும் மீறி, ஆசிரியர்களும் பள்ளி ஊழியர்களும் வகுப்பறைக்குள் மறைத்து வைத்துக் கைத்துப்பாக்கி கொண்டுவரலாம் என்ற மசோதாவை அதே அவை 68-க்கு 28 என்று நிறைவேற்றியது. மாடத்தில் இருந்தவர்கள் கதறினார்கள். அவைத் தலைவர் மாடத்தைக் காலி செய்யச் சொன்னார். மூன்று நாளில் ஆளுநர் கையெழுத்திட்டார். எந்த ஆசிரியரிடம் துப்பாக்கி இருக்கிறது என்பதைப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டியதில்லை என்கிறது அந்தச் சட்டம்.